பிஎம்டபிள்யூ இசட்3, ஈ36 (பழைய 3 சீரிஸ்): கியர் லிவர் ஆட்டம் போகணும்னா ஷார்ட் ஷிஃப்டர் முதலா, புஷ் முதலா?

வளைவுப்பிரியன்:
வண்டி பிஎம்டபிள்யூ இசட்3, ஆறு சிலிண்டர், ஐந்து கியர். என்ஜினை அணைச்சு மூணாவது கியரில் விட்டு, குமிழைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டினா ஒரு விரல்கடை நல்லாவே நகருது. 3000 சுற்றுக்கு மேல போனா கரகரன்னு ஒரு அதிர்வு, லிவர் மேல கை வைச்சதும் அடங்கிடுது. கியர் விழறதுல சிக்கல் இல்லை. ஷார்ட் ஷிஃப்டர் (குமிழ் நகர்ற தூரத்தைக் குறைக்கிற லிவர்) ஒண்ணு போட்டா இது மொத்தமும் தீருமா? நாலு ஸ்டாண்டில் ஏத்தி வீட்டிலேயே செய்யறதா எண்ணம். என்னென்ன பாகம், எத்தனை, எந்த வரிசைன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்கண்ணே.

பத்தாம்நம்பர்ஸ்பானர்:
தீராது தம்பி. கணக்குப் போட்டாலே தெரிஞ்சிடும்.

லிவரின் உருண்டை மூட்டுக்கு மேல 200 மி.மீ., கீழ 40 மி.மீ. இருக்குன்னு வைச்சுக்கோ (உன் வண்டி அளவு கொஞ்சம் மாறும், கணக்கு மாறாது). விகிதம் 5. ராடு (லிவரையும் கியர்பாக்ஸையும் இணைக்கிற கம்பி) 10 மி.மீ. நகரணும்னா குமிழ் 50 மி.மீ. போகணும். இப்போ ஆட்டத்தைப் பாரு. லிவர் அடியில ராடு மாட்டுற இடம், ராடும் ஜாயிண்டும் சேருற இடம், ஜாயிண்டை கியர்பாக்ஸ் தண்டோட பிணைக்கிற பின், ஆக மூணு இடம். ஒவ்வொண்ணுலயும் 0.4 மி.மீ. தேய்மானம்னா மொத்தம் 1.2, அது குமிழில் 6 மி.மீ. ஆகும்.

பலரும் கவனிக்காதது அடுத்தது. உருண்டையைத் தாங்குற பிளாஸ்டிக் கப்பும், அந்தக் கப்பைத் தாங்குற சட்டமான கேரியரோட ரப்பர் புஷ்ஷும் (முனையைத் தாங்குற ரப்பர் வளையம்) தளர்ந்தா லிவரின் மூட்டுப்புள்ளியே நகரும். கீழ்முனை நிலையா நிக்க, மூட்டு 2 மி.மீ. நகர்ந்தா குமிழ் நகர்றது ஐந்து மடங்கில்லை, ஆறு மடங்கு: 12 மி.மீ. ரெண்டும் சேர்ந்து 18. உன் ஒரு விரல்கடை அங்கேதான் இருக்கு.

இதே வண்டியில எதையும் மாத்தாம, கீழ்க்கை 50 மி.மீ. உள்ள ஷார்ட் ஷிஃப்டரை மட்டும் மாட்டினா விகிதம் 4. வீச்சு 50ல இருந்து 40க்குக் குறையும். ஆட்டம்? 1.2 × 4 = 4.8, 2 × 5 = 10, ஏறக்குறைய 15. முன்னே வீச்சில் 36 சதவீதம் ஆட்டம், இப்போ 37. வீச்சு குறைஞ்சது, தெளிவு கூடலை. கைக்கு வேண்டிய விசை மட்டும் கால் பங்கு ஏறியிருக்கும்.

முதல்ல புஷ், கப், ஜாயிண்ட். லிவர் மாத்தணும்னு ஆசையா இருந்தா அதே நாள்ல மாத்திக்கோ, ஏன்னா கழட்டுற வேலை ஒண்ணுதான்.

மெதுகை:
பாகம் வாங்கறதுக்கு முன்னே ஒரு சோதனை செய்யணும். லிங்கேஜில் (லிவர், ராடு, ஜாயிண்ட் சேர்ந்த இணைப்பில்) குறை இல்லாம, கியர்பாக்ஸிலோ கிளட்ச்சிலோ குறையை வைச்சுக்கிட்டு இத்தனையும் கழட்டறவங்க உண்டு.

என்ஜின் அணைஞ்சிருக்கும்போது எல்லாக் கியரும் வழுக்கிட்டு விழுது, ஓடும்போது முதல் கியர் முரண்டு பிடிக்குது, ரிவர்ஸ் கரக்கென்று கடிக்குது என்றால் கிளட்ச் முழுசா விடுபடவில்லை. ஹைட்ராலிக்கில் காற்று, ஸ்லேவ் சிலிண்டர் (கிளட்ச்சைத் தள்ளுகிற சிலிண்டர்), பெடல் புஷ், இந்தப் பக்கம் தேடணும். ஒரு குறிப்பிட்ட கியர் மட்டும், அதுவும் வேகமாகப் போட்டால் மட்டும் கடிக்கிறது என்றால் சிங்க்ரோ (கியர் விழுமுன் வேகத்தைச் சமன்செய்கிற வளையம்). ஷார்ட் ஷிஃப்டர் அந்த சிங்க்ரோவுக்குக் கிடைக்கிற நேரத்தை இன்னும் குறைக்கும். நியூட்ரலில் லிவரைப் பக்கவாட்டில் தள்ளி விட்டால் தானாக 3-4 வரிசைக்குத் திரும்பணும். சோம்பலாகத் திரும்பினால் கியர்பாக்ஸுக்குள்ளே இருக்கிற டிடெண்ட் (லிவரை அதன் இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துகிற) ஸ்பிரிங்கும் பின்னும் ஒட்டுகின்றன என்று பொருள். அதை எந்த புஷ்ஷும் சரிசெய்யாது.

இது எதுவும் இல்லை என்றால் ஒருவர் உள்ளே உட்கார்ந்து லிவரை ஆட்ட, இன்னொருவர் அடியில் டார்ச்சோடு பார்க்கணும். ராடு நகர்ந்தும் தண்டு நகராத இடம் எதுவோ, தேய்மானம் அங்கே. லிவரோடு கேரியரே ஏறி இறங்கினால் புஷ் போய்விட்டது.

உங்க 3000 சுற்று அதிர்வு பெரும்பாலும் ராடு முனை வாஷரும் ஜாயிண்டுக்குள் இருக்கிற ஸ்பாஞ்ச் வளையமும். கை வைத்தால் நிற்பது அதனால்தான், கையின் எடை அந்த இடைவெளியை ஒரு பக்கமாக அழுத்திப் பிடிக்கிறது.

ராடுபுஷ்:
பாகப் பட்டியல். முதல்ல ஒண்ணு: கேரியர் ரெண்டு வகை வந்திருக்கு, தகட்டுல அழுத்தினது, அலுமினிய வார்ப்பு. புஷ் ஒண்ணுக்கொண்ணு ஒத்துவராது. சேசிஸ் எண்ணை வைச்சுத் தேடுங்க, மாடல் பேரை வைச்சு வாங்காதீங்க.

வேண்டியவை: ராடு முனைக்கு மஞ்சள் வாஷர் 4, சர்க்ளிப் (பிடிப்பு வளையம்) 2. ஜாயிண்ட் 1, அதோட பின், பின்னை மூடுற லாக் வளையம், ஸ்பாஞ்ச் வளையம் ஒவ்வொண்ணு. லிவர் உருண்டைக்கான பிளாஸ்டிக் கப் 1. கேரியர் முன்புற புஷ் 2, பின்புற ரப்பர் புஷ் 1. லிவரைச் சுத்தி இருக்கிற அடி ரப்பர் உறை 1. கியர்பாக்ஸ் தண்டு சீல் 1. சைலன்சர் கேஸ்கெட்டும் நட்டும், ரப்பர் கப்ளிங்குக்கு (கியர்பாக்ஸையும் ப்ரொபெல்லர் ஷாஃப்டையும் இணைக்கிற ரப்பர் தட்டு) புது லாக் நட்டும் கட்டாயம். பழைய லாக் நட்டைத் திரும்பப் போடறது தப்பு.

நாலு வாஷரை மட்டும் மாத்திட்டு "ஒண்ணும் மாறலையே"ன்னு கேக்கறவங்களுக்கு: வாஷர் பின்னோட நீளவாக்குல இருக்கிற ஆட்டத்தை மட்டும்தான் பிடிக்கும், அதாவது சத்தத்தை. ஜாயிண்டோட ஓட்டை முட்டை மாதிரி நீண்டுபோயிருந்தா அந்த ஆட்டம் அப்படியேதான் இருக்கும். பழைய பின்னைப் பழைய ஓட்டையில விட்டு விரலால ஆட்டிப் பாருங்க, கண்ணுக்கே தெரியும். ராடோட பின்னும் ஒரு பக்கமா தேஞ்சு படி விழுந்திருந்தா ராடையும் மாத்தணும்.

வளைவுப்பிரியன்:
சோதிச்சுட்டேன். கிளட்ச், சிங்க்ரோ சரி. அடியில பார்த்தா கேரியர் பின்பக்கம் நல்லா ஏறி இறங்குது. கழட்டற வரிசை சொல்லுங்க. கியர்பாக்ஸை இறக்கியே ஆகணுமா?

ராடுபுஷ்:
முழுசா இறக்க வேண்டாம், பின்பக்கம் தாழ்த்தினா போதும். தாழ்த்தாமலே செய்யலாம்னு சொல்றவங்க இருக்காங்க. ஜாயிண்ட் பின் கியர்பாக்ஸுக்கும் டனலுக்கும் (பாடியோட நடுக்கூடு) நடுவுல ரெண்டு விரல் இடத்துல இருக்கு, கண்ணுக்குத் தெரியாம அதைப் போடறது பெரிய பாடு.

வண்டி சமதளத்துல, நாலு ஸ்டாண்டிலயும் சமமா. ஜாக்கை மட்டும் நம்பி அடியில போகக்கூடாது. சைலன்சர் சூடு முழுசா ஆறட்டும். நட்டுகளுக்கு முந்தின நாளே துரு இளக்கி அடிச்சு வைங்க.

முதல்ல உள்ளே. குமிழைத் திருகாதீங்க, நேரா மேல இழுக்கணும். உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் பிடி விடும்போது 40 கிலோ விசை வரைக்கும் போகும், சட்டுன்னு வரும், மூக்கைத் தள்ளி வைச்சுக்கோங்க. தோல் உறை, ஒலித்தடுப்பு ஸ்பாஞ்ச், அதுக்குக் கீழே ரப்பர் உறை. எல்லாம் வெளியே.

அடியில: சைலன்சரை முன்குழாயோட இறக்கறதுக்கு ரெண்டு பேர் வேணும், நீளமும் எடையும் ஒருத்தர் கையில அடங்காது. ஆக்சிஜன் சென்சர் வயரை முதல்லயே கழட்டுங்க, குழாய் வயர்ல தொங்கக்கூடாது. வெப்பத் தகடு. அப்புறம் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் (பின்சக்கரத்துக்கு விசை கொண்டுபோற தண்டு). கழட்டறதுக்கு முன்னே கியர்பாக்ஸ் ஃபிளாஞ்ச் (இணைப்புத் தட்டு), ரப்பர் கப்ளிங், ஷாஃப்ட் மூணு மேலயும் குறுக்கா பெயிண்டுல ஒரே கோடு போடுங்க. அதே நிலையில திரும்ப மாட்டலைன்னா புது அதிர்வு கிளம்பும். நடு பேரிங்கோட ரெண்டு நட்டையும் கழட்டி, ஷாஃப்டைக் கீழே மடக்கி, கம்பியால ஓரமா கட்டிடுங்க. தொங்க விட்டா நடு ஜாயிண்ட் கெட்டுப்போகும்.

கியர்பாக்ஸுக்கு அடியில கட்டை வைச்ச ஜாக். குறுக்குச் சட்டத்தைக் கழட்டி மெதுவா தாழ்த்துங்க. கியர்பாக்ஸ் இறங்க இறங்க என்ஜின் பின்னாடி சாயும். ரேடியேட்டர் ஃபேன் அதோட கூட்டில் உரசுதா, ஹீட்டர் ஹோஸ் இழுபடுதான்னு ஒருத்தர் பானெட்டைத் திறந்து பார்த்துக்கிட்டே இருக்கணும். ரிவர்ஸ் லைட் சுவிட்ச் வயரும் அப்படித்தான். கை நுழையற அளவு இறங்கினதும் நிறுத்திடுங்க.

இனி லிங்கேஜ். ராடு பின்முனை சர்க்ளிப்பை எடுத்து ராடை லிவர்ல இருந்து பிரிங்க. கேரியருக்கு அடியில லிவர் கப்போட ரெண்டு பள்ளம் தெரியும். ரெண்டு முள் இருக்கிற கருவியோ, மூக்குக் கொறடோ கொடுத்து, அடியில இருந்து பார்க்கும்போது இடஞ்சுழியா கால் சுற்று திருப்பினா கப் விடுபட்டு லிவர் மேல வந்துடும். ராடு முன்முனை சர்க்ளிப். கேரியர் முன்புறப் பின்னை மேலிருக்கிற கிளிப் பிடிச்சிருக்கும், அதை 90 டிகிரி மேல நிமிர்த்தினா பின்னைப் பக்கவாட்டுல உருவலாம். பின்பக்கம் கேரியர் ரப்பர் புஷ்ஷோட சேர்ந்து உருவிட்டு வரும். கடைசியா ஜாயிண்டோட லாக் வளையத்தைத் தள்ளிப் பின்னைத் தட்டி எடுங்க.

இந்த நிலையில தண்டு வெளியே தெரியும். சுத்தி எண்ணெய் ஈரமா இருந்தா சீலை இப்பவே மாத்திடுங்க. சின்ன ஸ்க்ரூடிரைவரால நெம்பும்போது தண்டுல கீறல் விழக்கூடாது, விழுந்தா புது சீலும் ஒழுகும். புது சீலோட உதட்டுல எண்ணெய் தடவி, சீலோட வெளிவிட்டத்துக்குச் சரியான சாக்கெட்டை வைச்சு நேரா தட்டி இறக்குங்க. எண்ணெய் குறைஞ்சிருந்தா நிரப்பு ஓட்டை வரைக்கும் ஊத்தணும். எந்த எண்ணெய்ங்கிறதை கியர்பாக்ஸ் மேல இருக்கிற ஸ்டிக்கர் சொல்லும். ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான மெல்லிய எண்ணெய்) கேக்கிற பெட்டியில கனமான கியர் ஆயிலை ஊத்திட்டு, காலையில கியர் விழ மாட்டேங்குதேன்னு லிங்கேஜைத் திட்டக்கூடாது.

பத்தாம்நம்பர்ஸ்பானர்:
மேல சொன்னது முழுக்க சரி. மாட்டும்போது தப்பு நடக்கிற இடங்களை நான் சேர்க்கறேன்.

ஜாயிண்ட் பின்னோட லாக் வளையம். பின்னு உள்ளே போனதும் வளையம் பின்னோட ரெண்டு தலையையும் முழுசா மூடணும். விரலால ஒரு சுற்று தடவிப் பாரு. அரைகுறையா நின்னா ஓட்டும்போது பின் நழுவும், லிவர் கையோட வந்து நிக்கும், வண்டி எந்தக் கியர்ல இருந்ததோ அதுலயே மாட்டிக்கும்.

பின்புற ரப்பர் புஷ்ஷுக்குச் சோப்புத் தண்ணி போதும். பெட்ரோலிய கிரீஸ் போட்டா ரப்பர் ஊதும். பிளாஸ்டிக் கப்புக்கு மெல்லிசா ஒரு பூச்சு சிலிக்கான் கிரீஸ். அள்ளி அப்பினா தூசியைப் பிடிச்சு உப்புத்தாள் மாதிரி ஆயிடும். கப்பைக் கேரியர்ல அழுத்தும்போது "டக்"னு சத்தம் வரணும். வரலைன்னா லிவரை மேல இழுத்துப் பாரு, வந்துச்சுன்னா மாட்டலை.

ரப்பர் கப்ளிங்ல அம்புக்குறி இருக்கும், அது எதிர்ல இருக்கிற ஃபிளாஞ்ச் கையைப் பார்த்து நிக்கணும். இறுக்கும்போது ரப்பர் பக்கம் இருக்கிற தலையைப் பிடிச்சுக்கிட்டு, ஃபிளாஞ்ச் பக்கத்தை மட்டும் திருப்பு. ரப்பர் பக்கம் திருப்பினா உள்ளே இருக்கிற கயிறு முறுக்கி, சீக்கிரம் வெடிக்கும். இறுக்க அளவு போல்ட் தலையில இருக்கிற வலிமைக் குறி 8.8ஆ 10.9ஆங்கிறதையும் தடிமனையும் பொறுத்தது, தயாரிப்பாளர் அட்டவணையைப் பாரு. நடு பேரிங்கை இறுக்கறதுக்கு முன்னே 4 முதல் 6 மி.மீ. முன்பக்கம் தள்ளி வைக்கணும். இதை விட்டவங்கதான் கிளம்பும்போது அடியில நடுக்கம்னு தனி இழை தொடங்குவாங்க.

கட்டைபுஷ்:
ரப்பர் எதற்கு? கேரியருக்கு முன்னும் பின்னும் டெல்ரின் (நெகிழாத கடினப் பிளாஸ்டிக்) புஷ் போட்டுவிட்டால் ஆட்டம் சுத்தமாகப் போய்விடும். துப்பாக்கி பூட்டுப் போல் விழும். புது ரப்பர் போட்டால் சில வருஷத்தில் மறுபடி இதே வேலை.

மெதுகை:
முன்புறம் டெல்ரின் போடலாம், ஆட்சேபம் இல்லை. அங்கே கேரியர் கியர்பாக்ஸோடு சேர்ந்தே நகர்கிறது, இரண்டுக்கும் நடுவில் ரப்பர் இருந்து பெரிதாக ஆகப்போவது ஒன்றுமில்லை, கொஞ்சம் கியர் இரைச்சல் ஏறும், அவ்வளவு.

பின்புறம் வேறு கதை. கேரியரின் முன்முனை கியர்பாக்ஸில், பின்முனை பாடியில். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது என்ஜினும் கியர்பாக்ஸும் தங்கள் மவுண்டில் (அவற்றைப் பாடியில் தாங்கும் ரப்பரில்) முறுக்கிக்கொள்கின்றன, பாடி அப்படியே நிற்கிறது. அந்த வித்தியாசத்தை விழுங்குவதற்குத்தான் பின்புற ரப்பர். அதை நெகிழாத கட்டையாக்கிவிட்டு, மவுண்டு பழைய மெத்தென்ற ரப்பராகவே இருந்தால், முழு விசையில் 2லிருந்து 3க்கு மாற்றும்போது லிவர் நிற்பது ஒரு இடத்தில், கியர்பாக்ஸில் அந்தக் கியர் இருப்பது இன்னொரு இடத்தில். அதே குழப்பத்தில் மூணாவதிலிருந்து நாலாவது போட நினைத்த கை இரண்டாவதில் போட்டால் பின்சக்கரம் என்ஜினைச் சிவப்புக் கோட்டுக்கு மேலே இழுத்துச் சுற்றும். வால்வு பிஸ்டனில் இடிப்பது வரைக்கும் போகும். எரிபொருளைத் துண்டிக்கிற லிமிட்டர் இங்கே ஒன்றும் செய்ய முடியாது, சுற்றுவது சக்கரம்.

கட்டை புஷ் வேண்டுமானால் முதலில் கியர்பாக்ஸ் மவுண்டையும் என்ஜின் மவுண்டையும் புதிதாகப் போட்டுவிட்டு யோசிக்கலாம். பந்தயத்துக்கு மட்டும் ஓடும் வண்டியில் எல்லாமே கட்டை என்பதால் அங்கே அது பொருந்துகிறது.

கட்டைபுஷ்:
மவுண்டு பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் பின்புறத்துக்கு நடுத்தரக் கடினத்தில் பாலியூரித்தேன் கிடைக்கிறது, அது இரண்டுக்கும் நடுவே நிற்கும். அதற்குச் சிலிக்கான் கிரீஸ் கட்டாயம், இல்லாவிட்டால் கிறீச்சிடும்.

மெதுகை:
அதற்குச் சம்மதம்.

நடுஎன்ஜின்:
குறுக்கே ஒரு கேள்வி. டொயோட்டா எம்ஆர்2, லோட்டஸ் எலிஸ், போர்ஷே பாக்ஸ்டர் மாதிரி என்ஜின் பின்னால் இருக்கிற வண்டிகளுக்கும் இதேதானா? ராடு இல்லையே.

ராடுபுஷ்:
அங்கே ரெண்டு கேபிள். ஒண்ணு முன்பின், இன்னொண்ணு பக்கவாட்டு. முதல்ல தேயறது கேபிள் முனையில இருக்கிற பிளாஸ்டிக் அல்லது ரப்பர் புஷ், லிவர் பக்கம் ரெண்டு, கியர்பாக்ஸ் பக்கம் ரெண்டு. அந்த நாலையும் மாத்தினாலே பாதி வேலை முடிஞ்சுது. கேபிளைக் கழட்டிக் கையில இழுத்துப் பாருங்க, இறுக்கமா போனா அல்லது கரகரன்னா உறைக்குள்ள துரு, அதுக்குக் கேபிளையே மாத்தணும், எண்ணெய் விட்டுப் பிரயோசனமில்லை. சைலன்சர் பக்கத்துல போற கேபிள்ல வெப்பத் தகடு இருக்கான்னு பாருங்க. திரும்ப மாட்டும்போது லிவரும் கியர்பாக்ஸ் கையும் ரெண்டுமே நியூட்ரல்ல பூட்டின பிறகுதான் கேபிள் நீளத்தைச் சரிசெய்யணும். கூர்மையா மடக்கிட்டா உராய்வு ஏறி, புதுக் கேபிளும் பழசு மாதிரி கனக்கும்.

பழைய காத்துக் குளிர்விப்பு போர்ஷே 911ல ராடுதான், டனல் வழியா பின்னாடி வரைக்கும் போகுது. அங்கே தேயறது பின் இருக்கைப் பக்கம் மூடிக்குக் கீழே இருக்கிற கப்ளர் புஷ். கப்ளரைத் தண்டோட பிடிக்கிற கூம்பு முனைத் திருகு தண்டோட பள்ளத்துல சரியா உட்காரணும். புஷ் மாத்தாம அட்ஜஸ்ட்மென்ட் மட்டும் பண்ணா அது ஒரு வாரம்கூட நிக்காது.

வளைவுப்பிரியன்:
எல்லாம் மாத்தி மாட்டியாச்சு, சைலன்சர் மட்டும் இன்னும் போடலை. கூடவே ஷார்ட் ஷிஃப்டர் லிவரும் போட்டேன். ரெண்டு சந்தேகம். நியூட்ரல்ல லிவர் லேசா பின்னாடி சாய்ஞ்சு நிக்குது. இரண்டாவது கியர் போட்டா ராடு ரப்பர் கப்ளிங்கை ஒட்டி வருது, நடுவுல ஒரு காகிதம்தான் போகும்.

பத்தாம்நம்பர்ஸ்பானர்:
சைலன்சரைப் போடாம கேட்டதுக்கே ஒரு சபாஷ். ரெண்டும் ஒரே காரணமா இருக்க வாய்ப்பு அதிகம்: ராடு தலைகீழா. ராடு நேர்க்கம்பி இல்லை, வளைவு கொடுத்திருப்பாங்க, கப்ளிங்குக்கு வழிவிடத்தான் அந்த வளைவு. கழட்டும்போது எடுத்த படத்தோட ஒப்பிடு. ராடு சரியா இருந்தா, கேரியரோட பின்முனை ரப்பர் புஷ்ஷுல முழுசா இறங்கியிருக்கான்னு பாரு. ஒரு விளிம்பு வெளியே நின்னாலும் மூட்டுப்புள்ளி உயர்ந்தோ பின்னாடி தள்ளியோ நிக்கும், லிவர் சாயும்.

அதுவும் சரின்னா லிவருக்கும் ராடுக்கும் பொருத்தமில்லை. கீழ்க்கை நீண்ட லிவர் ராடைக் கீழே இறக்கும், சில லிவருக்கு வேற நீளமோ வளைவோ உள்ள ராடு வேணும். ராடை வளைச்சுச் சரி பண்ணாதே. ஓடும்போது மவுண்டு அமுங்கி கியர்பாக்ஸ் நகரும், கப்ளிங் சுத்தும். எல்லாக் கியர்லயும் குறைஞ்சது 10 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். வெப்பத் தகட்டை மாட்டின பிறகு அதோடயும் ஒருமுறை பாரு, லிவரோட கீழ்முனை அதுல தட்டும்.

வளைவுப்பிரியன்:
ராடு தலைகீழாதான் இருந்துச்சு. திருப்பிப் போட்டேன். கப்ளிங்குக்கு இப்போ 14 மி.மீ., லிவர் நேரா நிக்குது. மூணாவது கியர்ல குமிழ் ஆட்டம் ஸ்கேல் வைச்சு அளந்தா 4 மி.மீ. அந்த 4 எங்கிருந்து வருது?

மெதுகை:
ரப்பரின் நெகிழ்ச்சியும், கியர்பாக்ஸுக்குள்ளே ஃபோர்க்குக்கும் (கியரைத் தள்ளும் கவை) ஸ்லீவுக்கும் (அது நகர்த்தும் வளையம்) இருக்கவேண்டிய இடைவெளியும். அதை விட்டுவிடுங்கள். ஒன்று மட்டும்: விசை கூடின லிவரில் கையை ஓய்வாக வைத்தே ஓட்டும் வழக்கம் இருந்தால் விட்டுவிடணும், அந்த எடை பெருக்கப்பட்டு ஃபோர்க்கின் மேல் நேராக உட்காருகிறது.

ராடுபுஷ்:
சைலன்சர் மாட்டறதுக்கு முன்னே மேல ரப்பர் உறையோட விளிம்பு சுத்திலும் தகட்டுல உட்கார்ந்திருக்கான்னு விரலால தடவிப் பாருங்க. ஒரு மூலை விட்டாலும் சூடும் புகை வாசனையும் உள்ளே வரும். 100 கி.மீ. ஓட்டினதும், ஆறின பிறகு, சைலன்சர் நட்டுகளை மறுபடி ஒரு இறுக்கு.